எழுபது மணித்தியாலம்

எங்கள் மாமாவுக்கு எஞ்சினைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தோம். மற்ற எல்லோரையும் விட மாமா அதைக் கொஞ்சம் கூடுதலாகவே ஒத்துக்கொண்டிருந்தார். அவர் உம்மாவின் தம்பி. கலியாணம் ஆகவில்லை. எத்தாளையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தார். காலையில் பாண் துண்டைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருக்கும்போது தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனால் போதும், மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காதைச் சாய்த்து, "பிளக் கழுவோணும்" என்பார். போனவனுக்கு அது கேட்காது. எங்களுக்குக் கேட்டுவிட்டதல்லவா, அது அவருக்குப் போதும்.

இதைக் கேலிக்காக மட்டும் சொல்லவில்லை. மாமாவுக்கு உண்மையிலேயே வேலை தெரியும். சிலாபத்தில் ஒரு கராஜில் மூன்று வருடம் எண்ணெய்க் கையோடு நின்றவர். எத்தாளைத் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் பம்புகளில் பாதி அவர் கைபட்டுத்தான் ஓடின. மாடு வாங்கப் போகிறவர்கள் பல் பார்க்கத் தெரிந்த ஆளைக் கூட்டிப் போவதுபோல, பாவித்த எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் மாமாவைக் கூட்டிப் போவார்கள். அவர் பார்த்து ஓம் என்று சொன்னால் வாங்கலாம் என்று ஒரு பேர் மெல்ல மெல்ல உண்டாகி வந்தது. அந்தப் பேரை நம்பித்தான் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டு, எஞ்சின் திருத்தும் கடை திறப்பதற்குத் தகரமும் மரமும் சேர்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரே ஒரு குறைதான். தெரிந்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகும் அவருக்குப் பேச்சு மிஞ்சியிருக்கும்.

யுத்தம் முடிந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு ஒன்பது வயது. கடலுக்குப் போக முன்போலப் பாஸ் காட்டி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆலங்குடாப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக ஹோட்டல்கள் எழும்பின. பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் வழுக்கும் வெள்ளைக்காரர்களும், விடிந்ததும் டொல்பின் பார்க்கப் போகும் கொழும்புக்காரர்களும் வந்து நிறைந்தார்கள். காசு கொடுத்துக் கடலுக்குப் போய், ஒரு மீனும் பிடிக்காமல், சிரித்துக்கொண்டே திரும்பி வருகிற மனிதர்களை எங்கள் ஊரார் வெகுநாள் வரை நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாப்பா இருபது வருடமாக ஒரு சம்மாட்டியின் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வருடம் சம்மாட்டி, படகுகளையெல்லாம் விற்றுவிட்டுக் கொழும்பில் மகளோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அவருடைய படகுகள் பெரியவை, எங்கள் கைக்கு எட்டாதவை. இனி வாப்பாவுக்கு இரண்டே வழிதான் இருந்தது. சொந்தமாகச் சின்னதாய் ஒரு படகு, இல்லாவிட்டால் கட்டார். கட்டாருக்குப் போகப் பாஸ்போட் எடுத்து அலுமாரிக்குள் வைத்தாயிற்று. உம்மா அந்தத் தட்டைத் திறக்கும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். போனால் இரண்டு வருடத்துக்கு வர முடியாது என்று சொன்னார்கள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். வாப்பா திரும்பி வரும்போது எனக்குப் பதினொரு வயதாகிவிடும். பதினொரு வயதுக்காரி ஒருத்தியை அவர் அடையாளம் கண்டுபிடிப்பாரா என்பது எனக்குச் சந்தேகமாக இருந்தது. அதனால் ஐந்து நேரத் தொழுகையிலும் கலந்துகொண்டு, படகு கிடைக்க வேண்டும் என்று துஆக் கேட்டேன். அதுவரை நான் இரண்டு நேரத்துக்கு மேல் தொழுததில்லை.

துஆ பலித்தது. ஆலங்குடாவில் டொல்பின் பார்க்க ஆட்களை ஏற்றிப் போகும் படகொன்று விலைக்கு வந்தது. சொந்தக்காரர் ஒரு கத்தோலிக்க மீனவர். அவருடைய மகன் இத்தாலியில் இருந்தான். அவன் அனுப்பிய காசில் இன்னும் பெரிய படகு வாங்கப் போவதால் பழையதைக் கொடுக்க நினைத்தார். வாப்பா அவரை அண்ணன் என்று கூப்பிடுவார். அவர் வாப்பாவை நானா என்று கூப்பிடுவார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. மரியாதைக்காக ஒருவரை ஒருவர் மூத்தவராக்கி வைத்திருந்தார்கள்.

படகைப் பார்க்க ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாப்பாவும் மாமாவும் த்ரீவீலரில் கிளம்பியபோது, உம்மா என்னையும் ஏற்றிவிட்டார். ஆசைப்பட்டு அழுததற்காக ஏற்றவில்லை. ஆம்பிளைகள் இரண்டு பேரும் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வார்கள், நீ கண்ணால் பார்த்ததை வந்து எனக்குச் சொல்லு என்று காதோடு சொல்லி அனுப்பினார். நான் உம்மாவின் ஒற்றராகப் போனேன்.

நீலமும் வெள்ளையும் பூசிய அழகான படகு அது. நாற்பது குதிரை எஞ்சின். சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் எஞ்சின் சாவியான திறப்பைப் போடும் துளையும், அதற்கு மேலே கண்ணாடி போட்ட வட்டமான மீட்டர் ஒன்றும் இருந்தன. மீட்டருக்குள் இலக்கங்கள். இலக்கங்களுக்குக் கீழே கடுகளவில் சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு சக்கரம். திறப்பைத் திருப்பியதும் அந்தச் சக்கரம் மெல்லச் சுற்றத் தொடங்கும். என் கண் அதிலேயே நிலைத்துப் போயிற்று.

மாமாவின் கண்ணும் அதில்தான் விழுந்தது. எங்கள் பக்கத்து மீன்பிடிப் படகுகளில் அப்படியொன்று கிடையாது. மாமா அதைச் சிலாபத்துக் கராஜில் கண்டிருக்கிறார். கண்டிருக்கிறார் என்பதை அன்று கரையில் நின்ற அத்தனை பேரும் தெரிந்துகொண்டார்கள்.

"லொறிக்கு மைல் ஈக்கி. கடல்ல ரோட்டும் இல்ல, மைல்கல்லும் இல்ல. இந்த எஞ்சின் எத்தன மணித்தியாலம் ஓடீக்கி எண்டதுதான் அதுட வயசு. மேல என்ன பெயின்ட் அடிச்சாலும் இது பொய் சொல்லாது" என்றார்.

வாப்பா குனிந்து இலக்கத்தைப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு. அது கூடுதலா குறைவா என்று வாப்பாவுக்குத் தெரியவில்லை. தெரியாததை முகத்தில் காட்டாமல் இருக்கத் தெரிந்தது. இலக்கம் சின்னதாக இருந்தால் நல்லதுதானே என்று மெதுவாகக் கேட்டார். அதற்குத்தான் மாமா காத்திருந்தார். இலக்கத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவன் மடையன் என்றார். டொல்பின் படகு வருடத்தில் ஆறு மாதந்தான் ஓடும், அதுவும் காலையில் இரண்டு மூன்று மணித்தியாலம். கடல் கலங்கியும் ஆள் வராமலும் அதில் பாதி நாள் போய்விடும். இந்தப் படகு ஓடியது இரண்டு வருடம். அப்படியானால் நானூறுக்குக் கொஞ்சம் முன்பின் வரத்தானே வேண்டும் என்று விரல்களில் கணக்குப் போட்டார். நூறு என்று காட்டினால் எவனோ வயரைக் கழற்றி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். ஆயிரம் என்று காட்டினால் டொல்பின் பார்ப்பதைத் தவிர வேறு என்னவோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். நெடுநாள் ஓடாமல் கிடந்த எஞ்சினும் ஆகாது, உப்பு உள்ளே இருந்து தின்றுவிடும். பிறகு தண்ணீரைத் தள்ளும் விசிறியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிளக்கைக் கழற்றி முகர்ந்தார். எண்ணெயை இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்தார். இலக்கம் சொல்கிற வயதும் எஞ்சின் சொல்கிற வயதும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொன்னார். அண்ணன் வாயைத் திறந்து நான்கு சொல் சொல்லியிருப்பாரோ என்னவோ. விற்கிற வேலையை மாமாவே செய்துகொண்டிருந்தார்.

இன்று யோசித்துப் பார்த்தால் மாமா சொன்ன எல்லாமே சரிதான். ஒன்றைத் தவிர. எஞ்சின் ஓடினால்தான் இது ஓடும் என்று அவர் நடுவில் ஒரு வார்த்தை சொன்னார். அந்த மீட்டர்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று எஞ்சின் உண்மையில் ஓடுகிறபோது மட்டும் எண்ணும். மற்றது திறப்பைத் திருப்பியிருந்தால் போதும், எஞ்சின் தூங்கினாலும் எண்ணிக்கொண்டே இருக்கும். மாமாவுக்கு முதல் சாதியைத்தான் தெரியும்.

படகைத் தண்ணீரில் தள்ளி, வாப்பா கொண்டுவந்த பெற்றோலை ஊற்றி, ஒரு சுற்றுப் போய் வந்தோம். வாப்பா எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்த்தே, உம்மாவுக்குச் சொல்ல வேண்டிய செய்தி எனக்குக் கிடைத்துவிட்டது. வாப்பாவுக்குப் படகு பிடித்துவிட்டது.

விலை பேசி முடிந்தது. எங்கள் கரையில் அதற்குப் பிறகு ஒரு முறை உண்டு. காசு உடனே கைமாறாது. மூன்று நாள் விடுவார்கள். அந்த மூன்று நாளும் படகு விற்பவரின் கரையில் கிடக்கும், திறப்பு வாங்குபவரின் வீட்டில் தொங்கும். படகு இருக்கிறவரிடம் திறப்பு இல்லை, திறப்பு இருக்கிறவரிடம் படகு இல்லை. யாருக்காவது மனம் மாறினால் திறப்பு திரும்பிப் போகும், அவ்வளவுதான். ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம் வராது. எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்து முடிப்பதாகச் சொல்லிவிட்டு, வாப்பாவும் அண்ணனும் கரையில் இருந்த வாடிக் குடிசைக்குள் பிளேன்டீ குடிக்கப் போனார்கள். மணலில் ஏற்றிய படகுக்குள் நானும் மாமாவும் மட்டுமே இருந்தோம். மாமா மீட்டரைப் பார்த்து நானூற்றுப் பன்னிரண்டு என்று ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் எழுதிக்கொண்டு கீழே குதித்தார். "மகள், திறப்ப எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, வாடியை நோக்கி நடந்தார்.

நான் திறப்பைத் திருப்பினேன். சக்கரம் சுற்றியது. திருப்பி மூடினேன், நின்றது. மறுபடி திருப்பினேன், சுற்றியது. ஒரு சின்னப் பூச்சியை எழுப்பித் தூங்கவைப்பதுபோல இருந்தது. எத்தனை தரம் அப்படிச் செய்தேனோ, மாமா தூரத்திலிருந்து கூப்பிட்டதும் அவசரத்தில் திறப்பை இழுத்தேன். அது அப்படியே கழன்று கையோடு வந்துவிட்டது. உப்புக் காற்றில் தேய்ந்த துளை. எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் திறப்பை விட்டுவிடும். சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஓடினேன்.

அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் பெருநாள்போல இருந்தது. உம்மா பாஸ்போட்டை அலுமாரியின் அடித்தட்டுக்கு, பழைய சேலைகளுக்குக் கீழே தள்ளிவிட்டார். மாமா தெருவில் போகிறவர்களை நிறுத்தி மீட்டர் வாசிக்கும் வித்தையைப் போதித்தார். வெள்ளிக்கிழமை நாங்கள் நால்வரும் போனோம். உம்மா தன் வளையல்களை அடகு வைத்து எடுத்த காசை லேஞ்சித் துணியில் முடிந்து மடியில் வைத்திருந்தார். கடற்கரைக்கு வந்ததும் ஆம்பிளைகள் கதைத்து முடிக்கட்டும் என்று த்ரீவீலரிலேயே இருந்துகொண்டார். நான் உம்மாவோடு இருக்காமல் மாமாவின் பின்னால் ஓடினேன்.

மாமா படகில் ஏறினார். அட்டையை எடுத்தார். மீட்டரைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

நானூற்று எண்பத்திரண்டு.

மாமாவின் முகம் கறுத்ததை நான் முதல் தடவையாக அன்றுதான் கண்டேன். கீழே இறங்கி வந்து வாப்பாவிடம் சொன்னார். வாப்பா தானே ஏறிப் பார்த்தார். திறப்பு எங்கள் வீட்டில் ஆணியில் தொங்கியது, படகு இங்கே கிடந்தது, மூன்று நாளில் எழுபது மணித்தியாலம் எப்படிக் கூடும்? அண்ணனிடம் இன்னொரு திறப்பு இருக்க வேண்டும். இரவு பகலாகப் படகை ஓட்டியிருக்க வேண்டும். எங்கள் கடலில் இரவில் படகு ஓட்டி என்ன கள்ளச் சாமான் ஏற்றி இறக்குவார்கள் என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். வாப்பா அதைச் சொல்லவில்லை. மாமா சொல்லிவிட்டார். நாக்கில் நரம்பில்லாமல், வாடிகளிலிருந்து ஆட்கள் வந்து கூடும்வரை சொன்னார்.

"வித்த படகுல களவா ஓடுறவன்ட வார்த்தைய நம்பி நாங்க கடலுக்குப் போக ஏலாது" என்றது கடைசி.

அண்ணனின் கறுத்த முகம் இன்னும் கறுத்தது. தன்னிடம் இன்னொரு திறப்பே இல்லை என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, இப்படிப் பேச்சுக் கேட்ட பிறகு படகைத் தானும் கொடுப்பதாயில்லை, திறப்பைத் தரும்படி வாப்பாவிடம் கையை நீட்டினார். வாப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டார். அந்தக் கை பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றது. எனக்குச் சட்டென்று கட்டார் ஞாபகம் வந்தது. அழுகையும் வந்தது. த்ரீவீலருக்கு ஓடிப்போய் உம்மாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன்.

உம்மா அதற்கு முன் ஒரு தடவையும் படகுக்குப் பக்கத்தில் வந்தவரல்ல. அபாயாவை மணலில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். ஆம்பிளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரிடமும் எதையும் கேட்காமல் படகைச் சுற்றி நடந்தார். பின்பக்கத்தில் சட்டென்று நின்று, இரண்டடி பின்வாங்கினார். படகின் நிழலில், அடிப்பகுதிக்கும் மணலுக்கும் இடையில், ஒரு செந்நிற நாய் படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஐந்து குட்டிகள். கண் திறக்கவில்லை. யாரோ ஒரு பழைய சாக்கையும் விரித்துவிட்டிருந்தார்கள்.

உம்மாவுக்கு நாய் என்றால் எட்டு முழம் தள்ளி நிற்க வேண்டும். எட்டு முழம் தள்ளி நின்றுகொண்டே, கூட்டத்தில் நின்ற அண்ணனின் மனைவியைப் பார்த்து, இது எப்போது குட்டி போட்டது என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை இரவு என்றார் அந்த அக்கா. சாக்குப் போட்டவரும் அவர்தான். அன்றிலிருந்து தண்ணீர் வைக்க அவரைத் தவிர வேறு யாரையும் அது பின்பக்கம் அண்டவிடவில்லையாம்.

உம்மா மாமாவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப இந்தப் படகு எங்கயும் போகல்ல தம்பி. போயிருந்தா இதுகள் நசுங்கியில்ல போயிருக்கும்."

ஊரில் உள்ள நாய்களிலேயே எங்கள் வீட்டாருக்கு உதவி செய்தது அது ஒன்றுதான். உம்மா அதற்கு நன்றி சொல்ல முடியாத நிலையில் நின்றார். வாப்பா பெற்றோல் தாங்கியைத் திறந்து பார்த்தார். செவ்வாய்க்கிழமை அவர் ஊற்றி மிச்சமிருந்தது அப்படியே இருந்தது. அண்ணன் படகில் ஏறினார். மீட்டருக்குக் கிட்ட முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாப்பாவிடம் திறப்பை வாங்கித் துளையில் போட்டுத் திருப்பி மூடினார். இறங்கி வரும்போது அவர் முகத்தில் கோபம் பாதி போயிருந்தது.

"துளை திறந்தபடிதான் நானா இருந்திருக்கு. பட்டரி புதுசு. மூணு நாளும் மீட்டர் சும்மா எண்ணிக்கொண்டே கிடந்திருக்கு" என்றார். பிறகு, கடைசியாகத் திறப்பை எடுத்தது யார் என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். ஒரு கணந்தான். நான் உடனே நாய்க்குட்டிகளைப் பார்த்தேன். வாப்பா, யார் எடுத்திருந்தாலும் சரி, இத்தனை பேருக்கு முன்னால் இந்த மனிதரைக் கள்ளனாக்கியதற்குத் திறப்பை எடுத்தவர் இப்போதே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொன்னார். அவருடைய குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது.

"நான்தான் எடுத்த" என்றார் மாமா. "எடுக்கத் தெரியாம எடுத்துட்டன். இந்த மீட்டர் எஞ்சின் ஓடாமலும் எண்ணும் எண்டு எனக்குத் தெரியாது. அண்ணன், நான் கதைச்சதெல்லாம் பிழை. மன்னிச்சுக்கோங்க."

அண்ணன் படகுக்கு அடியில் கிடந்த நாயைப் பார்த்தார். பிறகு சிரித்தார். இந்த எழுபது மணித்தியாலத்துக்கும் காவல் காத்த சம்பளம் நாய்க்குக் கொடுக்க வேண்டும் என்றார். யாரோ பின்னால் இருந்து, எஞ்சின் படித்தவருக்குத் திறப்பு மூடத் தெரியவில்லையே என்றார்கள். அதற்குப் பிறகு சிரிப்பு அடங்கவேயில்லை. வாப்பாவும் சிரித்தார், உம்மாவும் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டார். மாமாவும் சிரித்தார். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான். தப்பித்த சந்தோஷம் எனக்கு. மாமா மறதியில் பிழையாகச் சொல்லிவிட்டார், நான் வாயைத் திறக்காததால் கெட்டித்தனமாகத் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

லேஞ்சி முடிச்சு அவிழ்ந்தது. நாய் தானாகக் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறும்வரை இன்னும் பத்து நாள் பொறுத்திருந்து, படகை எங்கள் கரைக்குக் கொண்டுவந்தோம். எஞ்சினைப் பற்றி மாமா சொன்னது ஒன்றும் பிழையாகவில்லை. வாப்பாவை அது ஒரு நாளும் நடுக்கடலில் விட்டதில்லை. கட்டார்ப் பேச்சு வீட்டில் பிறகு எழவில்லை. அந்தப் பாஸ்போட் ஒரு முத்திரையும் குத்தப்படாமல் காலாவதியாயிற்று.

ஆனால் கதை எங்களுக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. மாமா சந்திக்குப் போனால் பொடியன்மார் மணி எத்தனை என்று கேட்பார்கள். சொன்னால், எழுபது மணித்தியாலம் கழித்துச் சொல்கிறீர்களா கூட்டிச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். மாமா அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால் அந்தக் கதையைச் சொல்லும்படி என்னைக் கேட்பார்கள். நான் நன்றாகச் சொல்வேன். மாமா அட்டையையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்ததை நடித்துக் காட்டுவேன். திறப்பைப் பிடுங்கும் இடம் வந்தால், மாமாவைப்போலக் கையை வைத்துப் பிடுங்கிக் காட்டுவேன். ஒரு பொய்யை நாலு தரம் சொன்னால் போதும், ஐந்தாம் தரம் அது நமக்கே நடந்ததுபோல ஆகிவிடும். கொஞ்ச நாளில் மாமா படகுக்குள் நின்று திறப்பைப் பிடுங்கியதை நான் கண்ணால் கண்டதாகவே எனக்கு ஞாபகமாகிவிட்டது.

ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள், மதுரங்குளியிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இரண்டு படகுகள் விலைக்குப் பார்த்திருக்கிறாராம், எஞ்சின் பார்க்கிற தம்பி வீடு இதுதானா என்று கேட்டார். அப்படிக் கேட்டு யாரும் வந்து வெகு நாளாகியிருந்தது. கொட்டிலுக்கு வாங்கிய தகரம் சுவரோரம் சாய்த்தபடியே துருவேறிக்கொண்டிருந்தது. மாமாவும் பம்பு திருத்தப் போகாத நாளில் ஒரு இறால் பண்ணையில் கூலிக்குப் போகத் தொடங்கியிருந்தார். அன்று அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். உம்மா கடைக்குப் போயிருந்தார். நான் வந்தவருக்குக் கதிரை போட்டு உட்காரவைத்தேன். விருந்தாளி சும்மா இருக்கிறாரே என்று, எனக்குத் தெரிந்ததிலேயே நல்ல கதையை அவருக்குச் சொன்னேன். அட்டை, மீட்டர், நாய், எழுபது மணித்தியாலம், ஒன்றும் விடவில்லை. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் திறப்பைப் பிடுங்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது மாமா வந்து வாசலில் நின்றார். தலை ஈரம். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கள் பிள்ளை சொல்வது உண்மையா தம்பி என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார்.

"ஓம். பிள்ளை சொல்ற சரிதான்" என்றார்.

வந்தவர் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிக் கதைத்தார். பிறகு ஒரு வேலை இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லி எழுந்தார். மாமா அவரை ஒழுங்கைவரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். எனக்கு நிலைகொள்ளவில்லை. உம்மா படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய், வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதருக்கு முன்னால், நான் உண்மை கதைக்கிற பிள்ளை என்று மாமா தன் வாயாலேயே சொன்னதைப் பெருமையோடு சொன்னேன்.